மனுதாரர் தவறினார்

மனுவின் இரண்டாம் பத்தியில் ஒரு சொல் தவறாக இருந்தது. ‘தவறினார்’ என்பதுதான் அந்தச் சொல்.

“மேற்படி நாளில், மேற்படி கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் மனுதாரர் தவறினார்” என்று தட்டச்சில் அடித்திருந்தது. ஒற்று சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி படித்தார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க பாரேன். தவறினார்னு போட்டிருக்காங்க.”

“தவறித்தானே விழுந்தீங்க?”

“தவறி விழுந்தார்னா விழுந்தேன்னு அர்த்தம். வெறும் தவறினார்னா?”

மெஷின் நின்றது. “ஐயய்யோ! போய்ச் சேந்துட்டார்னுல்ல அர்த்தம்?”

“அதைத்தான் சொல்றேன்.”

“எழுதினவன் கையில கட்டை முளைக்க! நாளைக்கே போய் மாத்திட்டு வாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கலை.”

ஒற்று சார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இருபத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவருக்கு அச்சகத்தார் சூட்டிய பட்டம். விட்டுப்போன க், ச், த், ப் எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைத் திருத்திக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். கால் ஒடிந்த பிறகு பிடித்த கைத்தடிக்குக்கூட அவர் வைத்த பெயர் துணைக்கால்.

கால் ஒடிந்த கதை சின்னது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை தினமும் நாலு மாடி ஏறி ப்ரூஃப் பார்ப்பதில்லை. அச்சகம் நான்காம் மாடியில். லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு படியின் விளிம்பு பெயர்ந்து போயிருந்தது. அங்கே கால் வைத்தவர் பத்துப் படி உருண்டு இரண்டாம் மாடியில் வந்து நின்றார். இடது முழங்கால் மட்டும் நிற்கவில்லை. ஆபரேஷன் செய்தால்தான் இனி மாடி ஏற முடியும் என்றார் டாக்டர். கட்டட உரிமையாளர், “எங்க படியில உங்களை யாரு வேகமா இறங்கச் சொன்னது?” என்றார். அச்சக முதலாளி இன்னும் ஒரு படி மேலே போனார்.

“ஒண்ணாம் தேதி உங்க நாற்காலியில நீங்க உக்காந்திருக்கணும். இல்லேன்னா என் மச்சான் பையன் உக்காருவான்.”

மச்சான் பையனுக்கு ஒற்றும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அந்த நாற்காலியில் அவனை நினைத்தபோது ஒற்று சாருக்கு முழங்காலைவிட நெஞ்சு அதிகம் வலித்தது. இழப்பீடு கிடைத்தால் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால் நாற்காலி. அதனால்தான் கோர்ட்.

கோர்ட் வளாகத்து விசாரணை ஜன்னலில் இருந்தவர், “முதல்ல கீழ்க் கோர்ட்டுலதான் போடணும் சார், அதோ அந்தப் பக்கம்” என்று பொதுவாகக் கையை ஆட்டினார். அந்தப் பக்கத்தில் இரண்டு பலகைகள். வலது பக்கத்துப் புதுப் பலகையில் ‘இழப்பீட்டு கோரிக்கைகள்’ என்று பளபளவென்று எழுதியிருந்தது. க் இல்லை. ஓர் ஒற்றுக்கு வக்கில்லாத இடத்தில் நியாயம் எப்படிக் கிடைக்கும்? இடது பக்கத்தில், கீழே இறங்கும் படிக்கட்டின் தலைமாட்டில், சாயம் மங்கிய பழைய பலகை ஒன்று. ‘இழப்பீட்டுக் கோரிக்கைகள்.’ க் தன் இடத்தில் கம்பீரமாக நின்றது. கீழ்க் கோர்ட் என்றால் கீழேதானே இருக்கும் என்று ஒற்று சார் துணைக்காலை ஊன்றி இறங்கினார். பதினான்கு படிகள். முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னது.

கீழே குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் இருந்தது. வெளியே அடிக்கிற வெயிலுக்கு அது சொர்க்கம். நீள நீள பெஞ்சுகளில் வழக்காடிகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டிருந்த வக்கீல் எழுந்து நின்று வரவேற்றார். ஃபீஸைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். இங்க யாரு ஓடிப் போகப்போறாங்க?”

இப்படியும் ஒரு வக்கீலா என்று ஒற்று சார் உருகிப்போனார். மனுவைப் படித்ததும் இன்னும் உருகினார். சந்தி, ஒற்று, நிறுத்தக்குறி எல்லாம் மணி மணியாக இருந்தன. அந்த ஒரு சொல் மட்டும்தான் உறுத்தியது.

மறுநாள் திருத்தப் போனபோது பதினேழு படிகள் இருந்தன. முந்தின நாள் எண்ணியதில் பிழை என்று வைத்துக்கொண்டார். தன் பக்கம் பிழை என்று அவர் ஒத்துக்கொண்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

“தவறிட்டேன்னுதானே சார் சொன்னீங்க?” என்றார் வக்கீல்.

“தவறி விழுந்தேன்னு சொன்னேன்.”

“சரி. விழுந்து?”

“விழுந்து, பிழைச்சேன்.”

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். “பிழைச்சீங்களா?” அந்தச் சொல்லைக் கேட்டு ரொம்ப நாளானவர்போல ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “சரி, பிழை திருத்த மனு ஒண்ணு போட்டுடலாம்.”

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. தவறும் பிழையும் ஒன்றுதான். ஆனால் தவறினால் ஆள் காலி; பிழைத்தால் ஆள் உண்டு. ஒற்று சார் இதை வக்கீலுக்கு விளக்கினார். வக்கீல் அதைக் கோர்ட் குமாஸ்தாவுக்கு விளக்கினார். குமாஸ்தா அதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். இரண்டு நாளில் உத்தரவு வந்தது.

‘பிழை திருத்தம் கோரும் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுவில் கண்ட பிழையாவது, பிழைத்தார் என்னும் சொல். பிழை நீக்கப்பட்டது. மனுதாரர் தவறியது உறுதி செய்யப்படுகிறது.’

“என்னய்யா இது?” என்று ஒற்று சார் குமாஸ்தாவின் மேஜையில் தட்டினார். மேஜை பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது.

“கோவப்படாதீங்க சார். தவறினார்னா இங்க எல்லாருக்கும் புரியும். பிழைத்தார்னாதான் யாருக்கும் புரியலை” என்றார் குமாஸ்தா, தாழ்மையாக.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. மனைவிக்கு ஒரு நோட்டீஸ்: ‘காலஞ்சென்ற மனுதாரரின் வாரிசு என்ற முறையில்...’ அச்சகத்துக்கு அதன் நகல். மனைவி இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அடுப்படி வரைக்கும் கொண்டுபோய், எரிக்கப் பயந்து திரும்பக் கொண்டுவந்தாள்.

“என்னங்க, இது எந்தக் கோர்ட்டு? நான் போய் விசாரிச்சேன். அப்படி ஒரு கேஸே இல்லைங்கறாங்க.”

“நீ மேல கேட்டிருப்ப. அது கீழ.”

“கீழன்னா?”

“கீழ்க் கோர்ட்.”

அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். “உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? அங்க போயிட்டு வந்தாலே இப்படித்தான் இருக்கு.”

“ஏசி போட்டிருக்காங்க போல” என்றார். அங்கே ஏசி இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

விடுப்பில் இருந்தாலும் அச்சகத்து ப்ரூஃப் கட்டு வழக்கம்போல வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அன்று வந்த கட்டில் அச்சகத்தின் மாதப் பத்திரிகையும் இருந்தது. சிவப்பு மையை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு ஓர் இரங்கல் செய்தி. ‘தலைச்சிறந்த பிழைத்திருத்துநர்.’ சீ, இரண்டு ஒற்றும் வேண்டாதவை. இரண்டையும் அடித்தார். ‘ஆழ்ந்த இரங்கள்.’ கர்மம்! ள் போய் ல் வந்தது. ‘அன்னாரது பிரிவால் வாடும்’ என்பதற்குப் பிறகு யார் வாடுகிறார்கள் என்பதையே காணோம். ‘அச்சகத்தார்’ என்று சேர்த்தார். கீழே வழக்கம்போல ‘திருத்தியபின் அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்டைக் கட்டி, வாசலில் காத்திருந்த அச்சகத்து சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்பினார். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டபோதுதான் அந்தச் செய்தியில் இருந்த பெயர் தன் பெயர் என்பது அவருக்குப் பிடிபட்டது.

“உங்க சாவுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டீங்களா?” என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இரங்கள்னு இருந்துச்சு. விட முடியுமா?”

அச்சகத்துக்கு ஃபோன் போட்டார். ஃபோர்மேன் எடுத்தார்.

“நான்தான்யா, ஒற்று பேசறேன்.”

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார்... அங்க உங்களுக்கு ஒண்ணும் குறை இல்லையே?”

“எங்க? நான் வீட்டுல இருக்கேன்யா! அந்தக் கடைசிப் பக்கத்தை நிறுத்து.”

“எப்படி சார் நிறுத்தறது? நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்களே. நீங்க போட்டதுக்கு அப்பீல் ஏது?”

இருபத்தாறு வருஷமாக அவர் கட்டிக் காத்த மரியாதை அவரையே திருப்பி அடித்தது. பத்திரிகை வெளியானது. ஒரு பிழை இல்லை.

அதன் பிறகு நடந்தவைதான் ஒற்று சாருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா துக்கம் கேட்க வந்தாள். கதவைத் திறந்தது அவர்தான். அந்தம்மா அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டாள். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு, “இந்த வாசல்ல மட்டும் என்ன இப்படிக் குளிருது?” என்றாள். பஸ்ஸில் அவர் மடியில் ஒருவர் உட்காரப் போனார். காய்கறிக் கடைக்காரரை மூன்று தடவை கூப்பிட்டார்; கடைக்காரர் காதைத் தடவிக்கொண்டு தராசைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாரும் அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டுப் பயப்படுகிறார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டார். சிரிப்பு முழுசாக வரவில்லை. வீட்டில் மனைவி மட்டும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு.

பத்திரிகை வெளியாவதற்கு முன்பே டாக்டரிடம் உயிருடன் இருப்பதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு இருபத்து மூன்று படி இறங்கிக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

“‘மேற்படி நபர் என்னைச் சந்தித்தபோது உயிருடன் இருந்தார்’” என்று குமாஸ்தா வாசித்தார். “இருந்தார்னுதானே சார் போட்டிருக்கு?”

“ஆமா.”

“இருந்தார்தான். யாரு இல்லைன்னா? இங்க எல்லாரும் இருந்தவங்கதானே.” முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். “நல்ல ஆதாரம் சார். கேஸுக்கு ரொம்ப உதவும்.”

காலம் மறந்து எழுதிய டாக்டரை மனசுக்குள் சபித்துக்கொண்டு ஒற்று சார் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அந்தப் பக்கம் கட்டட வேலைக்காரப் பெண்மணி.

“நான் பாலத்துல தவறினேங்க” என்றார் டிரைவர், ஊரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதுபோல. “அம்மா சாரத்துல தவறினாங்க. நீங்க?”

“படியில.”

“அட, படியிலயா? எத்தனாவது மாடி?”

“மூணு.”

“பரவாயில்லையே” என்று அந்தப் பெண்மணி மரியாதையாகத் தலையசைத்தாள்.

“உங்க கேஸ் எந்த நிலைமையில இருக்கு?” என்று ஒற்று சார் கேட்டார்.

“பதினோரு வருஷத்துக்கு வாய்தா குடுத்திருக்காங்க.”

“பதினோரு வருஷமா!”

“சீக்கிரம் இல்லீங்களா?” என்று டிரைவர் பூரித்தார்.

எதிர்த் தரப்பு பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவர் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தார். ஒற்று சார் விழுந்த கட்டடத்தைக் கட்டியவர் அவர்தானாம். எதிரி என்றே சொல்ல முடியாது. அத்தனை தன்மையாக இருந்தார். “நான் கட்டினப்ப அந்தப் படி கல்லு மாதிரி இருந்துச்சு தம்பி. இப்ப என் பையன் பாத்துக்கறான். நான் அந்தப் பக்கமே போய் ரொம்ப நாளாச்சு” என்று வருத்தப்பட்டார்.

மாசக் கடைசி நாள் வந்தது. அன்றுதான் விசாரணை. மறுநாள் ஒன்றாம் தேதி. காலையில் கிளம்பும்போது மனைவி அவர் தோளில் ஒரு கம்பளிச் சால்வையைப் போட்டுவிட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“இருபத்தாறு வருஷமா ஒரு வார்த்தைக்காக ஊரோட சண்டை போடறீங்களேன்னு உங்களைத் திட்டியிருக்கேன். இன்னிக்கு நானே சொல்றேன். ஆபரேஷன் இல்லேன்னாலும் பரவாயில்லை. நான் தைச்சுப் போடறேன். அந்த வார்த்தையை மட்டும் விட்டுக் குடுத்துடாதீங்க.”

“பைத்தியம்” என்றார் ஒற்று சார். அவள் அப்படிச் சொன்னது அவருக்கு மலையளவு சந்தோஷமாக இருந்தது. அதே சமயம், அவள் முதுகு ஒடியத் தைக்கிற காட்சி கண் முன்னால் வந்து நின்றது.

அன்று படிகளை எண்ணுவதை நாற்பதோடு விட்டுவிட்டார்.

“மனுதாரர்! மனுதாரர்! மனுதாரர்!” என்று வாசலில் டவாலி மூன்று முறை கூவினார். சிவப்புப் பட்டை போட்ட வயசான சேவகர். நாள் தவறாமல் ஒற்று சாருக்கு வணக்கம் வைப்பவர்.

நீதிபதியின் குரல் மெத்தென்று இருந்தது. “உயிரோட இருக்கறதா சொல்றீங்க. சாட்சி?”

“நானே சாட்சி ஐயா. இதோ நிக்கறேனே!”

“இங்க எல்லாரும்தான் நிக்கறாங்க. வேற சாட்சி?”

“என் மனைவி.”

“அவங்க வாரிசு. வாரிசு சாட்சி செல்லாது.”

எதிர்த் தரப்பு வக்கீல் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். “மனுதாரர் கையெழுத்தோட ப்ரூஃபும் இணைச்சிருக்கோம் ஐயா. அவரே சரிபார்த்து அனுப்பியிருக்கார்.”

நீதிபதி படித்தார். “பிழையே இல்லாத இரங்கல் செய்தி” என்று பாராட்டினார். ஒற்று சாருக்கு, அந்த நிலைமையிலும், கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“ரெண்டு வழி இருக்கு” என்றார் நீதிபதி. “அந்தச் சொல்லைப் பத்தி முழு விசாரணை வேணும்னா முப்பது வருஷத்துக்கு ஒத்திவைக்கறேன். சொல்லை ஏத்துக்கிட்டா இன்னிக்கே தீர்ப்பு. வலி, வேதனை, நடக்க முடியாத கஷ்டம், எல்லாத்துக்கும் முழு நிவாரணம்.”

வக்கீல் காதோரம் குனிந்தார். “ஒரே ஒரு வார்த்தை சார். அதுக்கா பாக்கறீங்க?”

ஒற்று சார் அந்தத் தாளைப் பார்த்தார். தவறினார். இருபத்தாறு வருஷத்தில் தெரிந்தே ஒரு பிழையை அவர் விட்டதில்லை. மனைவி சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. நாற்காலியில் மச்சான் பையன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தையல் மெஷின் நிற்காமல் ஓடியது. காகிதத்தில் செத்தால் என்ன, காலில் நடந்துகொண்டு போய் அவளிடம் விளக்கினால் போகிறது. அவள் திட்டுவாள். திட்டட்டும்.

பேனாவை வாங்கினார். ஓரத்தில் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முழங்கால் வலி சட்டென்று நின்றது.

ஒற்று சார் காலை மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! ஜெயித்த சந்தோஷத்தில் நோயே ஓடிப் போகும் என்று எங்கோ ப்ரூஃப் பார்த்த நினைவு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். எல்லார் கையும் இதமாக இருந்தது; சால்வைகூடத் தேவைப்படவில்லை. கட்டடக் கிழவர் கட்டிக்கொண்டார். லாரி டிரைவர் தள்ளி உட்கார்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

“உக்கார நேரமில்லைங்க” என்று ஒற்று சார் சிரித்தார். “வீட்டுல ஒருத்தி காத்துட்டிருக்கா.” வந்த வழியில் விறுவிறுவென்று நடந்தார். படிக்கட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருந்தது. பதற்றத்தில் வழி மாறிவிட்டோம் என்று நினைத்து, வாசலில் நின்ற டவாலியைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, மேல போற படி எந்தப் பக்கம்?”

டவாலி வழக்கம்போல வணக்கம் வைத்தார். “அது உங்களுக்காகத்தான் சார் விட்டு வச்சிருந்தோம். இங்க நாங்க எல்லாருமே தவறினவங்க. தவறி வந்துட்டிருந்தது நீங்க ஒருத்தர்தான்.”